வில்லியின் பிள்ளை யாருக்குப் பரிசு?

கெட்டவளிடம் குழந்தை இருக்கக் கூடாது என்பது சீரியல் பார்க்கும் வீடுகளில் விவாதத்துக்கே வராத தீர்ப்பு. பாம்பு பெண்ணாகும் இந்தி ‘நாகின்’ தொடரும் தமிழ்த் தொடரும் ஆங்கில மாயக்கதையும் ஒரே ரிமோட்டில் மாறி மாறி ஓடும் மும்பை முலுண்ட் தமிழ்க் குடும்பங்களிலும் இதற்கு மறுப்பு எழுவதில்லை. சூனியக்காரியின் தொட்டிலிலிருந்து நாயகி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அது மீட்பு. சூனியக்காரி திரும்பக் கேட்டு வந்தால் அது கடத்தல் முயற்சி. பிள்ளையின் நலன் இங்கே பெயருக்குத்தான் சொல்லப்படுகிறது. நடப்பதென்னவோ தாய்க்குத் தண்டனை, நல்லவர்களுக்கு வெற்றிப் பரிசு.

2011 முதல் 2018 வரை அமெரிக்காவின் ஏபிசி ஒளிபரப்பிய ‘ஒன்ஸ் அபான் எ டைம்’ தொடரைப் பாருங்கள். அதில் ஜெலினா என்ற சூனியக்காரி ராபின் ஹூட்டின் மனைவியாக உருமாறி, அவனை ஏமாற்றிக் கருவுறுகிறாள். குழந்தை பிறந்ததும் ராபினும் அவன் காதலி ரெஜினாவும் அதைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ரெஜினா சூறாவளியை வரவழைத்துத் தாயை ஓஸ் நாட்டுக்கே தூக்கியெறிகிறாள். ராபின் வஞ்சிக்கப்பட்டவன், அவன் கோபம் நியாயம்தான். ஆனால் அது அவனுடைய கோபம், குழந்தைக்கு நேர்ந்த தீங்கு அல்ல. ஜெலினா முன்பு இன்னொருத்தியின் பச்சிளங்குழந்தையை மந்திரச் சடங்குக்காகத் தூக்கிப்போனவள் ஆயிற்றே என்பார்கள். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் தீர்ப்பு வழங்கும் ரெஜினா யார்? ஒரு கிராமத்தையே கொன்று குவித்த கொடிய அரசி. தத்தெடுத்த மகன் ஹென்றிக்கு அவள் கடைசிவரை அம்மாவாகவே இருக்கிறாள், நாமும் கைதட்டுகிறோம். அதே கதையில் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்ற மாயாவி தன் மகனின் கையை விட்டு அவனை வேற்றுலகத்துக்குத் தனியே போகவிடுகிறான். அது தந்தையின் தீராத சோகமாகச் சொல்லப்படுகிறது. மகனை விட்டுப்போன குற்றத்துக்காக அவனே தன் மனைவியின் இதயத்தைப் பிடுங்கி நசுக்குகிறான். பிள்ளையின் பாதுகாப்புதான் அளவுகோல் என்றால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கோல் அல்லவா இருக்க வேண்டும்? கோல் மாறுவது, யார் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான்.

கெட்டவளைத் தாய்மையிலிருந்து விலக்குவது நம் மரபின் தர்மம்தான் என்று சொல்பவர்கள் கம்பனிடம் போகட்டும். ராவணவதம் முடிந்த பின் தோன்றும் தசரதன் வரம் கேட்கச் சொன்னபோது ராமன் கேட்பது, தந்தை துறந்த கைகேயியும் பரதனும் மீண்டும் தனக்குத் தாயும் தம்பியும் ஆக வேண்டும் என்பதுதான். காட்டுக்கு அனுப்பியவளுக்காக, காட்டுக்குப் போனவனே கேட்கிறான். இதை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எடுத்தாண்டதாகத் தெரியவில்லை. விளம்பர இடைவேளைக்கு முன் வைக்க அதில் அலறல் இல்லையே!

மாயக்கதைக்கு எதற்கு இவ்வளவு வழக்கு என்று கேட்கலாம். பாம்பு பெண்ணாவதை யாரும் நம்புவதில்லை. ஆனால் கெட்ட பெண் நல்ல தாயாக முடியாது என்பதை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் மனைவியின் நடத்தை மீதான குற்றச்சாட்டாக வந்து நிற்கிறது. சட்டமோ வேறு திசையில் நடக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அந்த நலனுக்குத் தாயால் ஆபத்து என்று நிரூபித்தால் பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். நிரூபிக்க வேண்டியது இந்தக் குழந்தைக்கு வரும் தீங்கை. தாயின் மற்றப் பாவங்களை அல்ல.

சிறைக்குள்ளும் இதே நியாயம்தான். முலுண்டில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறினால் அதே தடத்தில் வரும் பைகுல்லாவில் பெண்கள் சிறை இருக்கிறது. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைப்படி, சிறையிலுள்ள பெண்ணின் குழந்தை ஆறு வயது வரை அவளுடனேயே இருக்கலாம். குழந்தைகள் காப்பகமும் மழலையர் பள்ளியும் அமைத்துத் தர வேண்டும். ஆறு வயதுக்குப் பிறகு வெளியே வளரும் பிள்ளையும் வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க வழி செய்ய வேண்டும். விசாரணை நடந்து, குற்றம் நிரூபணமாகி, தண்டனை பெற்றவளுக்கும் இது பொருந்தும். ஜெலினாவுக்கு விசாரணைகூட நடக்கவில்லை.