சில்லின் உள்ளே என்ன இருக்கிறது?

எஸ்டேட் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டும் அன்பர்களுக்கு 3055 என்னும் எண் நன்கு தெரியும். ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் பின்புறத்தில், இரண்டு திருகாணிகளால் இறுக்கப்பெற்று, உலோக மூடியுடன் இருக்கும் டிரான்சிஸ்டர் அது. 2என்3055 என்பது அதன் முழுப் பெயர். முறையாகச் செய்யப்பெற்றதாயின் 15 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் அதே எண்ணையும், பேர்பெற்ற கம்பெனியின் முத்திரையையும் பொறித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. சாமி புறப்படும் வேளையில் ஒலிபெருக்கி ஊமையாகிப் போனால், விற்றவர் மின்சாரத்தின் மேல் பழி போடுவார். வாங்கியவர் தம் விதியை நோவார்.

எரிந்துபோன அந்த டிரான்சிஸ்டரைக் குப்பையில் எறியாமல், வைஸில் பிடித்து, மூடியின் விளிம்பைச் சுற்றி ஹேக்சா பிளேடால் அறுத்துப் பார்க்கலாம். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு சதுரமும், அதனோடு இணைந்த இரு கம்பிகளும் காணப்படும். அச்சதுரமே சிலிக்கன் சில்லு. உண்மைப் பொருளில் அது ஏறத்தாழ உளுந்து மணியளவு இருக்கும். போலியில் பெரும்பாலும் அதிற் பாதியும் இராது. சிறு சில்லினால் பெருஞ்சுமையின் வெப்பத்தைக் கடத்தி வெளியேற்ற முடியாது, ஆகையால் எரிகிறது. இவ்வாறு அறுத்துப் பார்த்தே போலிகளைக் கண்டு சொல்லும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஓர் எச்சரிக்கை மட்டும் இங்கேயே கூறிவிடுவோம். வானொலி அலைபரப்பும் கருவிகளில் வரும் சில டிரான்சிஸ்டர்களில் பெரிலியம் ஆக்சைடு என்னும் வெண்பீங்கான் போன்ற பொருள் உண்டு. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அத்தகையவற்றை அறுக்கவே வேண்டா.

ஒற்றை டிரான்சிஸ்டரைக் கண்டவருக்கு, ஆயிரக்கணக்கானவை அடங்கிய கணினிச் சில்லைக் காணும் ஆவல் பிறப்பது இயல்பு. அதற்கு ரம்பமும் தேவையில்லை. இ-ப்ராம் என்னும் நினைவகச் சில்லு 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்பவர் ஆக்கியது. அதில் எழுதியதைப் புற ஊதாக் கதிரால் அழிக்க வேண்டியிருந்ததால், அதன் தலையில் குவார்ட்ஸ் சன்னல் ஒன்று வைத்தார்கள். சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதனால் குவார்ட்ஸ். பழைய கணினிப் பலகைகளில், ஒட்டுத் தாளால் மூடப்பட்ட சன்னலோடு இது இன்றும் கிடைக்கும். தாளை உரித்தால் போதும், உட்புறம் தெரியும். பயன்பாட்டில் இருக்கும் கருவியில் மட்டும் உரிக்கற்க. வெயில் பட்டே நாளடைவில் நினைவு அழிந்துபோகும்.

பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் இதை வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாறுவார்கள். அதில் ஒளி கீழிருந்து வருகிறது; சில்லோ ஒளியைக் கீழிருந்து மேலே விடாது. எனவே குறைந்த பெருக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பெருக்கம் கூடக் கூட இம்முறை பயன்படாது. அப்போது உலோகங்களை ஆராய்வோர் வைத்திருக்கும் நுண்ணோக்கி வேண்டும். அதில் ஒளி லென்சின் வழியாகவே இறங்கிப் பொருளின் மேல் விழும்.

கண்ணிற் படும் காட்சியை மாட்டுப்பட்டி வாசகர்களுக்கு விளக்குவது எளிது. அணைக்கட்டுச் சாலையில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்தால், தேயிலைச் செடிகள் நிரைநிரையாய் நிற்க, இடையே கொழுந்தெடுப்போர் நடக்கும் தடங்கள் கோடுகளாய் ஓடுகின்றன அன்றோ? நினைவகப் பகுதி அவ்வாறே தோன்றும். மழைத் தண்ணீரில் எண்ணெய் பரவினாற்போல் பச்சையும் ஊதாவுமாக நிறங்கள் மின்னும். அவை சாயமல்ல, மெல்லிய ஆக்சைடு ஏடுகளில் ஒளி பட்டு மீள்வதால் எழுவன. ஓரத்தில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் நுண்ணெழுத்தில் இருப்பதும் உண்டு.

இவ்வாறு பார்ப்பதோடு நில்லாமல், பார்த்ததைப் படித்தறிந்தவர்களும் உளர். 1975ஆம் ஆண்டில் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்னும் அமெரிக்க நிறுவனம் 25 டாலருக்கு விற்ற 6502 என்னும் சில்லு, பின்னாளில் பிபிசி மைக்ரோ கணினியிலும் இடம்பெற்றது. 1984ஆம் ஆண்டில் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது வந்த கணினி அதுவே. கிரெக் ஜேம்ஸ், பாரி சில்வர்மன், பிரையன் சில்வர்மன் என்னும் மூவர் 2009ஆம் ஆண்டில் அச்சில்லைத் திறந்து படமெடுத்து, அதன் கம்பிகளையும் டிரான்சிஸ்டர்களையும் ஒன்றுவிடாமல் வரைந்தார்கள். சுமைக்கென வைத்தவை நீங்கலாக 3,510 டிரான்சிஸ்டர்கள். அவ்வரைபடத்தையே திரையில் இயங்கச் செய்து, எக்கணத்தில் எக்கம்பியில் மின்சாரம் பாய்கிறது என்பதை யாவரும் காணும்படி 2010இல் வெளியிட்டார்கள்.

இதனினும் நம் மனத்தைக் கவர்ந்தது பென்டியம் சில்லின் கதை. 1994ஆம் ஆண்டில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர், தம் கணினி வகுத்தல் கணக்கைப் பிழையாகப் போடுவதைக் கண்டு வெளிப்படுத்தினார். வகுக்கும்போது ஈவின் அடுத்த இலக்கத்தைச் சொல்லும் வாய்பாடு ஒன்று அச்சில்லிலே பதிந்திருந்தது; அதில் 5 இடங்கள் விடுபட்டுப் போயின என்று இன்டெல் நிறுவனம் விளக்கிற்று. சில்லுகளை மாற்றிக் கொடுத்த வகையில் 475 மில்லியன் டாலர் செலவாயிற்று. உலகம் அதை மறந்தும் போயிற்று. முப்பதாண்டு கழித்து, 2024ஆம் ஆண்டில், கென் ஷிரிஃப் என்னும் ஆர்வலர் ஒரு பழைய பென்டியத்தைத் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் அவ்வாய்பாட்டைத் தாமே படித்தார். விடுபட்ட இடங்கள் 16 என்று கண்டார். அவற்றுள் 11 கணக்கில் தீங்கு விளைவியாதவை. ஏனைய 5 தாம் கேடு செய்தவை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்த நம் தாய்மாரை ஈண்டு நினையாதிருக்க இயலவில்லை. மின்னணுத் தராசு வந்த இடங்களில் முள் கிடையாது. எண் மட்டுமே உண்டு. அவ்வெண்ணைக் கணிப்பது ஒரு சில்லு. தராசு சரியா என்றறியச் சில்லைத் திறக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. முத்திரையிட்ட படிக்கல் ஒன்றை வைத்துப் பார்த்தாலே போதும். ஆனால் அதற்குள் இருப்பதும் மனிதர் கையால் ஆனது, எண்ணிப் பார்க்கத்தக்கது என்று அறிந்த பிள்ளைக்கும் அறியாத பிள்ளைக்கும் வேற்றுமை உண்டென்பதே நம் கருத்து.

எல்லாச் சில்லும் இவ்வாறு கண்ணுக்கு அகப்படா. இன்றைய கைப்பேசிச் சில்லின் நுண்கோடுகள் ஒளியலையின் நீளத்தினும் சிறியன. மேலடுக்கு உலோகமே தெரியும். 2025ஆம் ஆண்டில் வெளியான, நம் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய விக்ரம் 3201 சில்லு 180 நானோமீட்டர் முறையில் ஆனது. அதுவே சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாது. ஆர்வலர்க்கு உரியவை பழஞ்சில்லுகளே.

கறுப்புப் பிளாஸ்டிக் உறையைக் கரைக்கச் சிலர் புகையும் நைட்ரிக் அமிலத்தைக் காய்ச்சுகிறார்கள். ஆய்வுக்கூடத்துப் புகைபோக்கியும் பயிற்சியும் உடையவர்க்கே அது தகும். லயத்து அடுப்படியில் செய்யத் துணிபவர் கண்ணையும் நுரையீரலையும் பணயம் வைக்கிறார். பிள்ளைகள் சன்னல் உள்ளவற்றோடு நிற்பதே நன்று.

சட்டம் தடுக்குமோ என்று ஐயுறுவோர் உண்டு. சில்லு வடிவமைப்பைக் காக்க இந்தியா 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் வடிவமைப்பைப் படியெடுப்பதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. படியெடுத்து விற்பதுதான் கூடாது.

மாட்டுப்பட்டி வாசகர்க்கெனத் தனியே ஒரு செய்தி. நம் மலையின் பனிமூட்டத்தில் லென்சுகளுக்குப் பூஞ்சணம் எளிதிற் பிடிக்கும். பிடித்தால் கண்ணாடியையே அரித்துவிடும். நுண்ணோக்கி வாங்குவோர் அதை மரப்பெட்டியில் பூட்டி வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க. பைகள் ஈரம் குடித்ததும் இளஞ்சூட்டில் உலர்த்தி மீண்டும் போடலாம்.