சுவரில் படம் போட்டால் கணக்குத் தீர்ந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொன்றியல் சுவரோவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கிறசென்ற் வீதியில் ஏறக்குறைய 20 மாடி உயரத்துக்கு நிற்கும் பாடகர் லெனார்ட் கோகனையும், லிற்றில் பேகண்டி வட்டாரத்தில் இருக்கும் ஜாஸ் பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சனையும் ஒரே மூச்சில் பாராட்டியிருந்தீர்கள். இரண்டிலும் ஓவியர் ஜீன் பென்டனின் கைவண்ணம் உண்டு. ஓவியங்களில் எனக்குக் குறை இல்லை. பீற்றர்சனுக்குச் செய்யவேண்டிய மரியாதையை இந்த நகரம் செய்துவிட்டது என்ற தொனியில் எழுதியிருந்தீர்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

செயின்ற் ஜாக் வீதி மூலையில் 2011இல் வரைந்த அந்தப் படத்தின் முன்னால் செல்பி எடுப்பவர்கள், அப்படியே வடக்குப் பக்கம் கொஞ்சம் நடந்து பார்க்கட்டும். வில்மேரி அதிவேகப் பாதை குறுக்கே வரும். ரயிலில் போர்ட்டர் வேலை பார்த்த கறுப்பினக் குடும்பங்களின் குடியிருப்பு இது. ஒஸ்காரின் தகப்பனும் கனடியன் பசிபிக் ரயிலில் போர்ட்டர்தான். அக்கா டெய்சி தம்பிக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தது இங்கேதான். பியானோக் கலைஞர் ஒலிவர் ஜோன்ஸும் டெய்சியிடம் படித்தவர். 1960களில் நகரப் புனரமைப்பு என்றும் அதிவேகப் பாதை என்றும் வீடுகளை இடித்துச் சனங்களைக் கலைத்தார்கள். 1927இல் தொடங்கிய கறுப்பினச் சமூக நிலையம் பூட்டிக் கிடந்து பாழாகி, 2014இல் அதன் சுவர் விழுந்தது. அதே ஆண்டில் கட்டடத்தையும் தரைமட்டமாக்கினார்கள். நாதஸ்வரக்காரரின் வீட்டை இடித்துவிட்டு அவர் படத்தைக் கோயில் மண்டபத்தில் மாட்டும் தர்மகர்த்தாவை நாம் மெச்சுவோமா?

அடுத்தது மெட்ரோ. அந்த வட்டாரத்து நிலையத்தின் பெயர் லியோனல் குறூ. யூத வெறுப்பை எழுத்தில் விட்டுச்சென்ற பாதிரியார், வரலாற்றாசிரியர். அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பீற்றர்சன் பெயரை வையுங்கள் என்று 2020இல் 20,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நிலையங்களின் பெயரை மாற்றுவதில்லை என்று போக்குவரத்துக் கழகம் கையை விரித்தது. அப்படியானால் 2001இல் செயின்ற் ஹெலன் தீவு நிலையம் எப்படி ‘ஜோன் டிராபோ’ ஆனது? லிற்றில் பேகண்டி இடிபட்ட காலத்தில் மேயராக இருந்தவர் டிராபோ! அந்த விதி பிறகு வந்தது என்பார்கள். ஒரு முறை போட்ட விதியை இன்னொரு முறை எடுக்கமுடியாதா?

பீற்றர்சன் பெயரில் பூங்கா இருக்கிறது, கொன்கோடியா பல்கலைக்கழக மண்டபம் இருக்கிறது, டவுன்ரவுனில் மக்கில் கொலிஜ் அவெனியூவில் ஒரு சதுக்கமும் ஒதுக்கினோம் என்று நகரசபை பட்டியல் வாசிக்கிறது. டவுன்ரவுனில் பீற்றர்சனுக்கு இடம் கேட்டது யார்? அவருடைய சொந்தத் தெருக்களின் சனங்கள் ஏறி இறங்கும் இடத்தில் அல்லவா கேட்டார்கள்!

ஒரேஞ் பாதையிலிருந்து பச்சைப் பாதைக்கு மாறும் நம்மவர்களுக்கு லியோனல் குறூ நிலையம் நன்றாகத் தெரியும். இறங்கி எதிர்ப்பக்கம் நாலு எட்டு வைத்தால் அடுத்த ரயில். பெயர்ப்பலகையை நாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் ஊர்ப் பெயர்களுக்காகவும் தெருப் பெயர்களுக்காகவும் இலங்கையில் எவ்வளவு மல்லுக்கட்டினோம்! மொன்றியல் தமிழ்ச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையைத் தங்களுடையதாக எடுக்கவேண்டும். வாசகர்கள் தத்தம் நகரசபை உறுப்பினருக்கு நாலு வரி எழுதுங்கள். பிரெஞ்சில் எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மொன்றியல்