கையில் இறுகிய ஃபோமும் உளூவும்



உளூவைப் பற்றி மதரஸாவில் எங்களிடம் வரும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. முன்பு மருதாணியையும் மையையும் பற்றிக் கேட்டார்கள். பிறகு நகப்பூச்சு வந்தது. சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் வந்தது. இப்போது கட்டட வேலையில் இருக்கும் சகோதரர்கள் பி.யூ. ஃபோமைப் பற்றிக் கேட்கிறார்கள். சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான சந்து, கதவு நிலையின் பின்புறம், ஏ.சி. குழாய் நுழையும் துளை ஆகியவற்றை அடைக்கக் கேனிலிருந்து பீய்ச்சப்படும் மஞ்சள் நிற நுரைதான் அது. வளைகுடாவில் வேலை செய்வோர் இதை நன்கறிவர். இப்போது நம் ஊர்களிலும் யு.பி.வி.சி. சன்னல் பொருத்தும் இடமெல்லாம் இது புழங்குகிறது.

இந்த நுரை கையில் பட்டு இறுகிவிட்டால் எளிதில் போவதில்லை. அதனால் இரண்டு விபரீதங்கள் நடப்பதைக் காண்கிறேன். மாலை மதரஸாவில் ஓதும் ஒரு மாணவனின் தந்தை சன்னல் பொருத்துபவர். அவருடைய விரல் முட்டிகளில் கோடு கோடாகத் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. பிளேடால் சுரண்டியதாகவும், அதற்கு மேல் தின்னர் ஊற்றித் தேய்த்ததாகவும் சொன்னார். "உஸ்தாத், உளூ கூட வேண்டுமே" என்பது அவர் கூறிய காரணம். அவரோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவரோ இதற்கு நேர்மாறு. கை சுத்தமாகும் வரை தொழுகை கூடாது என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு, நான்கைந்து நாட்கள் தொழாமலேயே இருந்துவிட்டார். முன்னவர் தம் உடலுக்குத் தீங்கிழைத்தார். பின்னவர் கடமையான தொழுகைகளைத் தவறவிட்டார். மார்க்கம் இவ்விருவரிடமும் இதைக் கேட்கவில்லை என்பதே என் கருத்து.

முதலில் சட்டத்தின் அடிப்படையைப் பார்ப்போம். உளூவில் கழுவ வேண்டிய உறுப்பின் ஒவ்வோர் இடத்தையும் நீர் அடைய வேண்டும். காலில் ஒரு நகத்தின் அளவு இடத்தை நனையாமல் விட்ட மனிதரைத் திரும்பிச் சென்று உளூவை ஒழுங்காகச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி, உமர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எனவே இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அற்ப விஷயத்தைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று எவரும் நகைக்க வேண்டியதில்லை. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன், பொன்னானி மக்தூம் ஸைனுத்தீன் அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுதியது. நீரைத் தடுக்கும் பொருட்களாகச் சுண்ணாம்பு, மெழுகு, உறைந்த கொழுப்பு, மை மற்றும் மருதாணியின் கனமான படிவு ஆகியவற்றை அது எண்ணிக்காட்டுகிறது. உருகி ஓடும் எண்ணெயும், மையோ மருதாணியோ விட்டுச்சென்ற வெறும் நிறமும் தடையாகா என்று உடனே பிரித்தும் காட்டுகிறது. இந்தப் பிரிவினை இன்றைய கேள்விக்கு எத்துணை உதவுகிறது என்பது சற்றுப் பின்னர் விளங்கும். ஃபோம் மெழுகைப் போன்ற ஒரு பருப்பொருள். ஆகவே, இயன்றவரை அதை நீக்குவது கடமை.

"இயன்றவரை" என்ற சொல்லில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். தலையில் கல்லடி பட்டிருந்த தோழர் ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்ய உமக்குச் சலுகை இல்லை என்று உடனிருந்தவர்கள் தீர்ப்பளித்தார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அத்தீர்ப்பை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். உறுப்பு கெட்டுவிடும், காயம் ஆற நெடுநாளாகும், வெளியே தெரியும் உறுப்பில் விகாரமான வடு ஏற்படும் என்றெல்லாம் அஞ்சினால் நீரைக்கூடத் தவிர்க்கலாம் என்று ஷாஃபிஈ நூல்களே கூறும்போது, பிளேடை எடுத்துத் தோலைச் சீவுமாறு எந்த இமாம் சொன்னார்?

அந்தச் சீவல் பயனற்றது என்பதையும் அறிய வேண்டும். கேனுக்குள் இருப்பது ஐசோசயனேட் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள் கலந்த பசை. காற்றிலும் தோலிலும் உள்ள ஈரத்தோடு அது வினைபுரிந்து நுரைத்து இறுகுகிறது. மேற்பரப்பு ஏறத்தாழ 10 நிமிடங்களில் ஒட்டாத நிலையை அடையும். உள்ளே முழுதும் இறுகுவதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். இறுகிய பின் அது வேறு பொருள். சுட்ட செங்கல் மீண்டும் களிமண்ணாவதில்லை அன்றோ! அதுபோல, இறுகிய ஃபோமைக் கரைக்கும் திரவம் எதையும் தோலின் மீது ஊற்ற முடியாது. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எல்லாம் தோலின் எண்ணெய்ப்பசையைத்தான் உறிஞ்சும். ஃபோம் அப்படியே இருக்கும். வெடித்துப் புண்ணான தோலோடு அவர் மறுநாளும் அதே கேனைப் பிடிக்கிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஐசோசயனேட் என்ற பெயர் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். கேனில் உள்ளது அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் அவ்வாறு எளிதில் ஆவியாகாத எம்.டி.ஐ. என்பதால் ஒப்பிட்டு அஞ்ச வேண்டியதில்லை. என்றாலும், இறுகாத நிலையில் அது மீண்டும் மீண்டும் தோலில் படுவதாலும் மூச்சில் கலப்பதாலும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது. ஒருமுறை உண்டாகிவிட்டால் பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சிறைப்பைத் தூண்டப் போதுமானது. அவர் அந்தத் தொழிலையே விட நேரிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், இவ்வகைப் பொருட்களைத் தொழில்முறையில் கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் கடைக்காரர் கேனைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருகிறார், அவ்வளவே. முழுமையாக இறுகிய ஃபோமோ பெரும்பாலும் தீங்கற்றது. அதாவது, நாம் பயப்பட வேண்டிய வேளையில் வெறுங்கையோடு இருக்கிறோம்; பயம் தேவையில்லாத வேளையில் பிளேடைத் தேடுகிறோம்.

பட்டவுடன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொழுகையாளியின் கால் இயல்பாகவே குழாயடியை நோக்கி ஓடும். ஓடலாகாது. ஈரம் அதை இறுகவே செய்யும். முதலில் காய்ந்த துணியால், பரப்பித் தேய்க்காமல் வழித்தெடுக்க வேண்டும். பிறகு சமையல் எண்ணெயைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும். எம்.டி.ஐ.யைத் தோலிலிருந்து அகற்ற மக்காச்சோள எண்ணெய் சோப்பு நீரை விடக் கூடுதலாக உதவக்கூடும் என்று இப்பொருளின் பாதுகாப்புக் குறிப்புகளிலேயே எழுதியிருப்பார்கள். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியும் இறுகாத ஃபோமைக் கரைக்கும். ஆனால் அது எளிதில் தீப்பற்றுவது. கேனிலிருந்து வெளிவரும் வாயுவும் அவ்வாறே. பீடியோ அடுப்போ அருகில் இருக்கலாகாது. முகத்துக்கும் புண்ணுக்கும் அதைக் கொண்டுசெல்லலாகாது. இறுதியாக சோப்பும் நீரும். கண்ணில் தெறித்துவிட்டால் மட்டும் இந்த வரிசை எதுவும் வேண்டாம்: உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவியபடியே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இறுகிவிட்டதா? தேங்காய் எண்ணெயையோ வாஸலினையோ தாராளமாகப் பூசி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். ஃபோம் கரையாது, அடியில் உள்ள தோல் இளகும். பின்னர் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கையை ஊறவைத்து, குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லால் மென்மையாகத் தேய்த்தால் ஓரங்கள் உரிந்து வரும். எரிச்சல் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். முழங்கை மயிரில் ஒட்டியிருந்தால் பிடுங்காமல் கத்தரியுங்கள். மிச்சம் இருப்பது, தோலின் இறந்த மேலடுக்கு தானாக உதிரும்போது சில நாட்களில் உதிர்ந்துவிடும். அல்லாஹ் நம் தோலை அவ்வாறு படைத்திருக்கிறான். சற்றுப் பொறுத்தால் போதும்.

அந்தச் சில நாட்களில் உளூ? இங்கேதான் ஃபத்ஹுல் முஈனின் பிரிவினை கைகொடுக்கிறது. நகத்தால் வருடிப் பாருங்கள். எதுவும் தட்டுப்படாமல் கறை மட்டும் தெரிந்தால் அது வெறும் நிறம், உளூவுக்குத் தடையில்லை. மேடாகத் தட்டுப்பட்டால் அது பருப்பொருள். மேற்சொன்ன முறையில் முயன்றும் அது போகவில்லை, இனி முயன்றால் தோல் கிழியும் என்ற நிலை வந்தால், அவர் தக்க காரணமுடையவர். ஹனஃபி மத்ஹபில், அதன் மீது நீரை ஓட்டிக் கழுவினால் போதுமானது. ஷாஃபிஈ மத்ஹபில், காயக்கட்டின் சட்டத்தை ஒட்டி, மற்ற இடங்களைக் கழுவி, அதன் மீது நீரால் தடவி, தயம்மும் ஒன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். தயம்முமின் உறுப்பாகிய கையிலேயே அது இருப்பதால், குணமான பின் அத்தொழுகைகளைத் திரும்பத் தொழுவது பற்றிய விவரமும் உண்டு. அதைத் தம் மஹல்லா ஆலிமிடம் நேரில் கையைக் காட்டிக் கேட்டறிந்துகொள்வது நலம். இரண்டு மத்ஹபிலும் தொழுகையை விடுவதற்கு மட்டும் இடமில்லை. எண்ணெய் தேய்த்த கையோடு உளூச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓடும் எண்ணெய் தடையில்லை, வாஸலின் கனமாகப் படிந்திருந்தால் சோப்பால் கழுவிவிடுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஃபோம் அசுத்தமன்று. உளூச் செய்த பிறகு அது கையில் ஒட்டினால் அந்த உளூ முறிவதில்லை. லுஹருக்குச் செய்த உளூ நிலைத்திருக்குமானால், கையில் ஃபோமோடு அஸரையும் தொழலாம். எனவே ஃபோம் பீய்ச்சும் வேலையைத் தொழுகைக்குச் சற்று முன் வைக்காமல், தொழுது முடித்த கையோடு தொடங்குமாறு அமைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடுகிறது. மேஸ்திரி ஒப்புக்கொள்ளாத அளவு கடினமான கோரிக்கை அன்று இது.

மீதிப் பாதியைத் தீர்ப்பது கையுறை. சில கேன்களின் மூடிக்குள்ளேயே மெல்லிய பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள். அது விரலில் நிற்காமல் கிழிந்துவிடும். நைட்ரைல் கையுறைதான் ஏற்றது. மணிக்கட்டு வரை மூட வேண்டும். சட்டைக் கை அதன் மேல் இறங்க வேண்டும். கையுறையில் ஃபோம் பட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று மாட்ட வேண்டும். பட்ட கையுறையாலேயே நெற்றி வியர்வையைத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் முன்பே கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் பீய்ச்சும்போது கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். தாடியில் சொட்டிய ஃபோமை எடுப்பது கையிலிருந்து எடுப்பதைவிடப் பெரும்பாடு. கதவு, சன்னல்களைத் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

உளூவுக்கு நீர் தேடுவதில் நாம் காட்டும் அக்கறையை, நீர் சேர வேண்டிய தோலைக் காப்பதிலும் காட்ட வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். அதற்காகக் கையுறை மாட்டுபவர் கூலிக்காரர். அதை வாங்கித் தர வேண்டியவரோ வேலை வாங்குபவர். ஒரு சோடியின் விலை ஏறத்தாழ ஒரு தேநீரின் விலை. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களால் இயலாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் துணைநில்லுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் ஹதீஸை நாம் மிம்பரில் அடிக்கடி கேட்கிறோம். வீடு கட்டும்போது பளிங்குக்கும் கிரானைட்டுக்கும் இலட்சங்களைக் கொட்டுபவர், சன்னல் பொருத்த வந்தவர் வெறுங்கையால் ஃபோமை அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் கெட்டவர் அல்லர். அது தம் பொறுப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தக்காரர் தருவார் என்று இவரும், வீட்டுக்காரர் தந்தால் போதும் என்று ஒப்பந்தக்காரரும் நினைத்துவிடுகிறார்கள். வேலை பேசும்போதே, கூலி, பொருள் விலை என்பவற்றோடு கையுறையையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இப்போது ஊர்தோறும் பள்ளிகளில் ஏ.சி. பொருத்துகிறோம், பழைய மரச் சன்னல்களை மாற்றுகிறோம். நம் பள்ளிக்குள் வேலை செய்பவர் முஸ்லிமாயினும் அல்லராயினும், அவருக்கு ஒரு பெட்டி நைட்ரைல் கையுறையை முதல் நாளே கொடுங்கள். கட்டட வேலைக்காரர்கள் அதிகம் தொழ வரும் பள்ளியானால், ஹவ்ளின் அருகே சோப்பு வைக்கும் திண்ணையில் ஒரு சீசா எண்ணெய், சில கந்தைத் துணிகள், இரண்டு நுரைக்கற்கள் வையுங்கள். பெயிண்ட் அடிப்பவர்களுக்கும் அவை உதவும்.