சுட்ட குதிரையை நம்பலாம்!

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பழமொழி சொன்ன புண்ணியவான், சூளைக் குதிரையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பச்சை மண்தான் சார் தண்ணியில் கரையும். சுட்ட மண் மழையில் நிற்கும், வெயிலில் நிற்கும். ஒட்டடைக் குச்சிக்கு முன்னால்தான் நிற்காது!

வாலிகண்டபுரம் மாதிரி நம்ம பக்கத்து ஊர்களில் எல்லைச்சாமிக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற குதிரைக்கு அலமாரி ஏது, கண்ணாடி ஏது? காது போனாலும் கால் போனாலும் ஐயனார் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த வேண்டுதலுக்கு அடுத்த குதிரை வந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் 30 அடிக்கு மேல் உயரமான ஐயனார் குதிரை, மாசி மகத்தன்று கழுத்து கொள்ளாமல் காகித மாலை போட்டுக்கொண்டு, வெட்டவெளியில் ஜம்மென்று நிற்கிறது.

நீங்கள் பூம்புகார் கடையில் வாங்கிய ஒரு அடிக் குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பி.காம். படித்த பாவத்துக்குச் சொல்கிறேன்: மேஜை நாற்காலிக்கு வருஷா வருஷம் தேய்மானம் போடலாம். பொம்மைக் குதிரைக்குத் தேய்மானமே கிடையாது. முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரே நாளில் கணக்கிலிருந்து காலி! அதுவும் வயசாகி உடைவதில்லை. பெரும்பாலும் நம்ம கைபட்டுத்தான் உடைகிறது.

எனவே முதல் பாடம், தூக்குவது. காதைப் பிடித்துத் தூக்க அது முயல் இல்லை. ஒரு கை வயிற்றுக்கு அடியில், இன்னொரு கை முதுகில். மேற்கு வங்காளத்து பாங்குரா குதிரை என்றால் கூடுதல் கவனம். அதன் காதும் வாலும் தனியாகச் செய்து செருகியவை. வீடு மாறும்போது அவற்றை மெதுவாகக் கழற்றித் தனியே பொதிந்துவிட்டால் பாதி ஆபத்து போச்சு.

வைக்கிற இடம்? அந்தக் காலத்தில் டி.வி. மேல் வைத்தோம். இன்றைய டி.வி. மேல் பல்லிகூட நிற்காது! சுவர் அலமாரியில் பெரிய குதிரை கீழ்த்தட்டில், சின்னது மேலே. தட்டின் ஓரத்தில் அரை அங்குல மரச்சட்டம் அடித்துவிட்டால் குதிரை குதிக்காது. ஈரத்தரையில் வைத்தால் மண் குதிரை காலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். வண்ணம் பூசியதைத் தண்ணீரில் கழுவவே கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

அமெரிக்க மச்சான் கொண்டுவந்தது பிரேயர் கம்பெனி குதிரையா? 1950-லிருந்து பிளாஸ்டிக் குதிரை செய்கிற கம்பெனி அது. பல குதிரைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற ரகம். பெரம்பலூர் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் கால் வளைந்து, பந்தயத்தில் தோற்ற குதிரை மாதிரி நிற்கும். பக்கத்தில் அந்துருண்டையும் போடாதீர்கள். சில பிளாஸ்டிக்குக்கு அது ஆகாது.

பெட்டியில் வைப்பதானால் கொலு பொம்மையைப் பரணில் ஏற்றுகிற உங்க அம்மாவைக் கேளுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றச் சொல்வார். வெறும் பேப்பரில் சுற்றினால் குதிரை வயிற்றில் தலைப்புச் செய்தி ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை பத்திரம் எதற்கு? 2021 அக்டோபரில் நம்ம மாவட்டத்துச் சிறுவாச்சூர் பெரியசாமி மலைக்கோயிலில் சுடுமண் சிலைகளை உடைத்துப் போட்டார்கள். மனசு கேட்கவில்லை. உடைக்க அஞ்சு நிமிஷம். ஆனால் மண்ணைப் பிசைந்து, வனைந்து, காயவைத்து, சூளையில் வெடிக்காமல் சுட்டெடுக்கிற கை வேணுமே! அந்தக் கை அடுத்த தலைமுறையிலும் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பது?

அதனால் கடைசியாக ஒரு சின்ன வேலை. எங்கே வாங்கினது, எந்த வருஷம், என்ன விலை என்று ஒரு சீட்டில் எழுதிக் குதிரையோடு வையுங்கள். செய்தவர் பெயரைக் கேட்டு முதல் வரியில் எழுதுங்கள். காது உடைந்தால் ஒட்டப் பசை இருக்கிறது. பெயர் தொலைந்தால்?