இடித்துவிட்டால் சரியா?

ஞாயிறு மட்டும்தான் எனக்கு லீவு. போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு பாரிசின் கிழக்குப் பக்கம் இருக்கிற வன்சென் கோட்டைக்குப் போய்வந்தேன். அடுத்தநாள் குசினியில் இதைச் சொல்ல, கூட வேலை செய்யும் அண்ணர் சிரித்தார்.

"மறியலைப் போய்க் காசு குடுத்துப் பாத்தனியோ? பஸ்தீல் மாதிரி உதையும் இடிச்சிருக்க வேணும்."

1791 பெப்ரவரி 28 அன்று பாரிஸ் சனம் அதை இடிக்கத்தான் கிளம்பிப் போனது. லஃபாயெத் படையோடு வந்து தடுத்தார். நல்ல காரியம் செய்தார் என்பேன்.

இரண்டும் முதலாம் இலக்க மெத்ரோ வழியில்தான் இருக்கின்றன. பஸ்தீலில் இறங்கிப் பாருங்கள். கோட்டை நின்ற இடத்தைக் காட்டும் கோடும் கொஞ்சக் கல்லும்தான் மிச்சம். மற்றக் கற்களில் ஒரு பங்கு கொன்கோர்த் பாலத்துக்குள் போய்விட்டது. நடுவில் நிற்கிற தூண்கூட 1789க்கு அல்ல, 1830 புரட்சிக்கு எழுப்பியது. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வன்செனில் அகழி அப்படியே இருக்கிறது. தண்ணீர் இல்லை, ஆழம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம், 50 மீற்றர் உயரம். அரசர் இருந்த வீடு பிறகு மறியலானது. 1740 முதல் 1756 வரை உள்ளே பீங்கான் செய்தார்கள். நெப்போலியன் காலத்தில் ஆயுதக்கிடங்கு. 1940இல் தளபதி கமெலினின் தலைமையகம். இன்று இராணுவ ஆவணக் காப்பகம்.

ஒவ்வொரு காலமும் அதை ஏதோ வேலைக்கு எடுத்தது. அதனால்தான் சாட்சியும் தப்பியது. 1749இல் எழுதிய குற்றத்துக்காகத் திதறோவை அடைத்தது இங்கே. 1804இல் ஆங்கியான் பிரபுவைச் சுட்டது இந்த அகழிக்குள். 1944 ஓகஸ்டில் ஜேர்மன் படை பணயக்கைதிகளைச் சுட்டதும் இங்கேதான். இடித்திருந்தால் இதெல்லாம் வெறும் கதை.

இடித்தால் கோபம் ஆறும், உண்மைதான். ஆனால் லாபம் அடைத்தவனுக்கு. "அப்படியொரு இடமே இருக்கவில்லை" என்று சொல்ல அவனுக்கு வழி கிடைத்துவிடும்.

2007இல் என்னையும் பிடித்து மூன்று மாதம் வைத்திருந்தார்கள். கம்பஸ் படிப்பு அத்தோடு சரி. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

கோட்டையால் திரும்பும்போது மகள் கேட்டாள்: "அப்பா, உங்களை எங்கை வச்சிருந்தவங்கள்?"

கைநீட்டிக் காட்ட எனக்கு ஒரு சுவர் இல்லை. அண்ணர் இதற்குப் பதில் சொல்லட்டும்.