வீட்டுக்காரரும் சங்கத்தாரும்

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புளோரிடா மாகாணத்தில் 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. வீட்டுக்காரர் ஒருவர் தமது சொந்தப் பிக்கப் வண்டியைத் தமது வீட்டு முற்றத்தில் நிறுத்துவதை, அக்குடியிருப்பின் வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் தடுக்கலாகாது என்பது அதன் ஷரத்துக்களில் ஒன்று. இதற்கும் ஒரு சட்டமா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். அரசரும் பிரபுக்களும் இல்லாத குடியரசொன்றில், தம் முற்றத்தில் தம் வண்டியை நிறுத்த ஒருவர் சட்டசபையின் தயவை நாடவேண்டிய நிலைமை எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கதென்றே நாம் கருதுகிறோம்.

அந்நாட்டில் இத்தகைய குடியிருப்புகளில் மனை வாங்குகிறவர் மனையோடு ஒரு சங்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார். சேருவதும் சேராதிருப்பதும் அவருடைய இஷ்டமன்று. நிலம் கைமாறுந்தோறும் அதனோடு கூடவே செல்லும் நிபந்தனைப் பத்திரம் ஒன்று முன்பே ரிஜிஸ்டர் செய்யப்பட்டிருக்கும். கிரயம் முடிந்த கணமே வாங்கினவர் அங்கத்தினராகிவிடுகிறார். மாடி வீட்டுத் தொகுதிகளையும் சேர்த்து, சுமார் ஏழரைக் கோடி ஜனங்கள் இத்தகைய ஏற்பாடுகளின்கீழ் வசிப்பதாகச் சங்கங்களின் பொது ஸ்தாபனமே சமீப வருஷங்களில் மதிப்பிட்டிருக்கிறது. சங்கம் வரியைப்போல் சந்தா வசூலிக்கிறது, விதி இயற்றுகிறது, மீறினவருக்கு அபராதம் போடுகிறது, சந்தா பாக்கிக்காக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரவும் அதற்கு வழியுண்டு. சட்டசபையும் போலீஸும் கஜானாவும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன.

விதிகளிற் பல வண்டிகளைப் பற்றியவை. இரவில் தெருவில் வண்டி நிற்கலாகாது. கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தவேண்டும். கம்பெனிப் பெயர் எழுதிய வண்டி கண்ணிற் படலாகாது. பிக்கப் வண்டி கூடவே கூடாது என்று இவை இடத்துக்கு இடம் வேறுபடும். வக்கீலின் மோட்டார் முற்றத்தில் நிற்கலாம். அந்த வக்கீலின் வீட்டுக் குழாயைச் செப்பனிடுகிறவர் அதே தெருவில் வீடு வாங்கினால், ஏணி கட்டிய அவருடைய வண்டி மட்டும் தெருவின் அழகைக் கெடுத்துவிடுகிறதாம்! அவ்வண்டியே அவருடைய ஜீவனோபாயம் என்பதைச் சங்கத்தார் கவனிப்பதில்லை.

அபராதத்தின் கதியையும் பார்ப்போம். புளோரிடாவில் ஒரு குற்றத்துக்கு 100 டாலர் வரையில் போடலாம்; குற்றம் தொடர்ந்தால் தினந்தோறும் போடலாம்; சங்கத்தின் பத்திரம் வேறுவிதமாகக் கூறாவிட்டால் மொத்தம் 1,000 டாலருக்கு மேற்போகாது. 1,000 டாலருக்குக் குறைந்த அபராதம் வீட்டின்மேற் பாரமாக ஏறாது என்பதும் சட்டமே. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், வண்டி நிறுத்தின குற்றம் வீட்டின் பேரிலேயே ஏறக்கூடும். வழக்காடித் தோற்றாலோ எதிர்க்கட்சி வக்கீலின் பீஸும் சேரும்.

சங்கத்தாரின் கட்சியிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. தெரு குறுகலானது; இருபுறமும் வண்டிகள் நின்றால் தீயணைக்கும் வண்டி நுழையமுடியாது. மேலும், அமைதியும் ஒழுங்கும் வேண்டுமென்றே அதிக விலை கொடுத்து அங்கு வீடு வாங்கினவர்கள், பத்திரத்தில் கண்டபடி நடக்குமாறு பிறரைக் கேட்பது தவறாகுமா? நிபந்தனையைத் தெரிந்து கையெழுத்திட்டவர் பிறகு முறையிடலாகாது என்பது கோர்ட்டுகள் பெரிதும் அங்கீகரித்த வாதம். கலிபோர்னியாவில் 1987-ம் வருஷத்து வழக்கொன்றில், சொந்தப் பிரயாணத்துக்கே உபயோகப்பட்ட சுத்தமான பிக்கப் வண்டியைத் தடுப்பது நியாயமன்று என்று அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் 1994-ல், பூனை வளர்த்த ஒரு மாதின் வழக்கில், அம்மாகாணத்து மிக உயர்ந்த கோர்ட்டு, தனி ஒருவரின் நிலைமையைக் கொண்டு நிபந்தனையை அளக்கலாகாது, குடியிருப்பு முழுவதற்கும் அது பொருந்துமா என்பதையே நோக்கவேண்டும் என்று கூறிவிட்டது.

ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டு நாம் மயங்கவேண்டியதில்லை. அப்பத்திரத்தை எழுதியவர் யார்? மனைகளைப் பிரித்து விற்ற முதலாளி. ஒரு குடியும் அங்கு வந்து சேருமுன்னரே எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூறு மனைகள் விற்றுத் தீரும்வரையில் புளோரிடாவில் சங்க நிர்வாகம் சாதாரணமாக அவர் கையிலேயே இருக்கும். பின்னர் குடிகள் அதைத் திருத்த விரும்பினால், பத்திரம் வேறு கூறாதவிடத்து மூன்றில் இரண்டு பங்கு வோட்டு வேண்டும். வோட்டும் தலைக்கு அன்று, மனைக்கு. வாடகைக்குக் குடியிருப்பவர் விதிகளுக்கெல்லாம் உட்பட்டவர். வோட்டு மாத்திரம் கிடையாது. சொத்துள்ளவனுக்கே வாக்குரிமை என்ற பழைய முறையை நம் தேசத்தார் எவ்வளவு காலம் எதிர்த்துப் போராடினார்கள் என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

ஒப்பந்தத்தின் மறைவில் எதையெல்லாம் சாதிக்கலாம் என்பதற்கு அந்நாட்டுச் சரித்திரமே சாக்ஷி. நகரசபைகள் நிறத்தைக் கொண்டு வசிக்கும் இடத்தைப் பிரிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1917-ல் தீர்ப்புச் செய்தது. சர்க்காருக்கு மறுக்கப்பட்ட அதே காரியத்தை மனைப் பத்திரங்களின் நிபந்தனைகள் தொடர்ந்து செய்துவந்தன. கோர்ட்டுகள் அவற்றை அமுல் நடத்தலாகாது என்று ஏற்பட 1948-ம் வருஷம் வரவேண்டியிருந்தது. வண்டியை விலக்குவதும் மனிதனை விலக்குவதும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. சர்க்கார் செய்தால் அக்கிரமம், சங்கம் செய்தால் ஒப்பந்தம் என்ற பாகுபாடு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதையே சுட்டுகிறோம். தேசக் கொடியை வீட்டில் பறக்கவிடுவதைச் சங்கங்கள் தடுக்கலாகாது என்று காங்கிரஸ் சபை ஒரு சட்டம் இயற்ற, ஜனாதிபதி 2006-ல் அதில் கையெழுத்திட்டார். கொடிக்கே இந்தக் கதி என்றால் வண்டியைப் பற்றிப் பேசுவானேன்!

நகரசபைக்கும் சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் புளோரிடாவிலேயே வெளியாயிற்று. கோரல் கேபிள்ஸ் நகரமும் பிக்கப் வண்டிகளை இரவில் நிறுத்தலாகாதென்று விதித்திருந்தது. வழக்கு நடந்தது; 2010-ல் அப்பீல் கோர்ட்டு நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கோர்ட்டில் கிடைக்காததை ஜனங்கள் 2012-ம் வருஷத்து வாக்கெடுப்பில் பெற்றார்கள். வாடகைக் குடிகளுக்கும் அதில் வோட்டு இருந்தது. சங்கத்தின்கீழ் வசிப்பவருக்கு அவ்வழி இல்லை.

2024-ம் வருஷத்துச் சட்டத்தை நாம் வரவேற்கிறோம். பெரிய வர்த்தக லாரிகள் நீங்கலாக, பெயரும் சின்னமும் எழுதியிருப்பினும் தொழில் வண்டி முற்றத்தில் நிற்கலாம் என்று அது தெளிவாகக் கூறுகிறது. தொழிலாளிக்கு இது சிறு லாபமன்று. எனினும் இது மேலிருந்து அளித்த வரம்; சங்கத்தின் அமைப்பு மாறவில்லை. அபராதத்துக்கு முன் 14 நாள் நோட்டீஸும், நிர்வாகிகளும் அவர்களுடைய நெருங்கிய பந்துக்களும் அல்லாத மூவர் கமிட்டியின் விசாரணையும் அம்மாகாணத்தில் உண்டு. அம்மூவரை நியமிப்பவர்கள் யார் என்றாலோ, அதே நிர்வாகிகள்!

அரிஜோனா மாகாணம் வேறொரு வழியைப் பற்றியது. சர்க்காருக்குச் சொந்தமான தெருக்களின்மேல் அதிகாரம் செலுத்திவந்த பழைய சங்கங்கள், அவ்வதிகாரம் தொடர வேண்டுமா என்று 2025-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதிக்குள் அங்கத்தினரின் வோட்டைக் கேட்கவேண்டும். கேளாவிட்டாலும் தோற்றாலும் அதிகாரம் போய்விடும் என்று 2023-ல் சட்டம் செய்தது. இது தெருவுக்கு மட்டுமே; முற்றத்துக்கு அன்று. வோட்டும் மனைக்காரருக்கே. ஆயினும் ஆளப்படுகிறவரின் சம்மதத்தைத் திரும்பக் கேட்கும் இம்முறையே நமக்கு அதிகம் உவப்பானது. புளோரிடா சட்டசபை அடுத்த முறை இவ்விஷயத்தை எடுக்கும்போது, விசாரணைக் கமிட்டியை அங்கத்தினரே தேர்ந்தெடுக்கவும், வண்டி நிறுத்திய குற்றத்துக்காக எந்தத் தொகையும் வீட்டின்மேல் ஏறாதிருக்கவும் ஷரத்துச் சேர்க்கவேண்டும்.