ஊதுகின்ற குழலை ஊதுவோம்

கண்டி மாநகரிலே காற்று வாத்தியங்களின் ஓசைக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. எசல பெரஹரா இரவுகளில் மேளங்களின் முழக்கத்துக்கு மேலாக ஹொரணை ஒலிக்கின்றது. கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் வீதி வலம் வருகின்றது. திரித்துவக் கல்லூரியும் புனித அந்தோனியார் கல்லூரியும் கிரிக்கெட் ஆடும் நாட்களிலோ, 'பப்பரே' வாத்தியக்காரரின் ட்ரம்பெட் பைலா மெட்டுக்களை அள்ளி வீச, பார்வையாளர் ஆட்டத்தை மறந்து ஆடத் தொடங்கிவிடுகின்றனர்.

இவற்றுள் ஹொரணையும் நாதஸ்வரமும் பெரும்பாலும் வழிவழியாக அவற்றை ஊதி வரும் குடும்பத்தாரின் கையில் இருப்பவை. ட்ரம்பெட் அப்படியன்று. அது பள்ளிக்கூட வாத்தியக் குழுவிலே எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளக் கூடியது. ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் கற்கவும் செய்கின்றனர். ஆனால், பள்ளியை விட்டு விலகியபின் அவர்களில் எத்தனை பேர் ஊதுகின்றனர்?

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பள்ளி நாட்களில் ஐந்து ஆண்டுகள் ட்ரம்பெட் ஊதியவர். இப்போது வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருக்கின்றார். அண்மையில் அவரைக் கண்டபோது, "இன்னும் ஊதுவதுண்டா?" என்று வினவினோம். வெட்கத்தோடு சிரித்தார். "அது ஸ்கூலோடு முடிஞ்சு போச்சுங்க சேர். இனி எதுக்கு?" என்றார்.

'இனி எதற்கு?' என்னும் அந்தக் கேள்வி சிறிய கேள்வியன்று. ஒருவருடைய தொழில் ஆகாத கலைக்கு அவருடைய வாழ்க்கையில் இடம் உண்டா என்பதே அதன் பொருள். இதற்குச் சொற்களால் அன்றிச் செயலால் விடை கூறியவர்கள் இங்கிலாந்தில் இருந்தனர். பகலெல்லாம் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு, இரவிலே பழைய பாணி ஜாஸ் சங்கீதத்தை ட்ரம்பெட்டில் ஊதியவர்கள் அவர்கள்.

அவர்களைப் பற்றிக் கூறுமுன், ட்ரம்பெட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். நாதஸ்வரத்திலே அதிர்வது சீவாளி. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடுகளே அந்த வேலையைச் செய்ய வேண்டும். உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும், மூன்று விசைகளை விரலால் அழுத்திக் குழலின் நீளத்தை மாற்றியும் சுரங்களைப் பெறுகின்றனர். ஆகவே வாத்தியத்தில் பாதி பித்தளை, மீதிப் பாதி ஊதுபவரின் முகம் எனலாம். சில வாரங்கள் ஊதாது விட்டாலே உதட்டுத் தசைகள் பிடிப்பை இழந்துவிடும். பெட்டியில் பூட்டி வைத்துப் பத்து ஆண்டுகளுக்குப் பின் எடுத்தால் குழல் இருக்கும், முகம் இராது. தொழில் செய்து களைத்து வருபவர் நாள்தோறும் இதனைப் பழகுவதென்றால், அதற்கு எவ்வளவு ஆசை வேண்டும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1935ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அமெரிக்க வாத்தியக் குழுக்கள் பிரித்தானியாவில் வந்து வாசிக்க இயலாதிருந்தது. இரு நாட்டு வாத்தியக்காரர் சங்கங்களுக்கும் இடையிலிருந்த பிணக்கே அதற்குக் காரணம். ஆதலால் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் சங்கீதத்தை விரும்பிய இங்கிலாந்து இளைஞருக்குக் குருவாக அமைந்தது கிராமபோன் தட்டு ஒன்றே. ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும் தட்டை மறுபடி மறுபடி சுழலவிட்டு, ஒவ்வொரு சுரமாகக் காதால் பொறுக்கிக் கற்றனர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், லண்டனுக்குத் தென்கிழக்கே கிரேஃபோர்டு என்னும் ஊரிலிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் ஜோர்ஜ் வெப் என்பவர் வேலை பார்த்தார். பியானோ வாசிக்கத் தெரிந்த அவர், தம்மைப்போல் ஆசைகொண்டவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். பார்ன்ஹேர்ஸ்ட் என்னும் இடத்தில் 'ரெட் பார்ன்' என்ற மதுச்சாலையே அவர்களுடைய அரங்கு. கிங் ஒலிவரும் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் 1923இல் சிகாகோக் குழுவில் இரண்டு கோர்னெட்டுகளை இணைத்து ஊதியதைத் தட்டிலே கேட்டு, இவர்களும் இரண்டு கோர்னெட் வைத்துக்கொண்டனர். கோர்னெட் என்பது ட்ரம்பெட்டின் குட்டைத் தம்பி. அதே காலத்தில், 1944இல், நமது பேராதனைப் பூங்காவிலே மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் வந்து அமர்ந்தது. ஒரு புறம் போர் நடக்க, மறு புறம் துப்பாக்கி செய்யும் கைகள் இரவில் சங்கீதமும் செய்தன.

1947இல் அக்குழுவில் வந்து சேர்ந்தவர் ஹம்ஃபிரி லிட்டில்டன். இவர் தொழிலாளி அல்லர். ஈட்டன் கல்லூரியில் பயின்ற உயர்குடிப் பிள்ளை. 1936இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டனுக்கும் ஹரோவுக்கும் இடையே கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், அங்கிருந்து நழுவிச் சாரிங் கிராஸ் வீதிக்குச் சென்று தமது முதல் ட்ரம்பெட்டை வாங்கினாராம். நம்மூரிலே ட்ரம்பெட் கிரிக்கெட்டைத் தேடிப் போகின்றது. அவரோ கிரிக்கெட்டை விட்டு ட்ரம்பெட்டைத் தேடிப் போனார்! ஆசிரியர் எவரிடமும் முறையாகப் பயிலாது தாமே கற்றுக்கொண்டவர். 1945 மே 8ஆம் நாள் ஐரோப்பியப் போர் முடிந்த மகிழ்ச்சியிலே, பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே ஒரு கைவண்டியில் ஏறி நின்று ட்ரம்பெட் ஊதினார். பின்னர் பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைந்து பிழைத்துக்கொண்டே தமது குழுவை நடத்தி, இறுதியில் இசைத்துறையிலேயே பெரும் புகழ் பெற்றார். 2008இல் காலமானார்.

இன்னொருவர் கென் கொலியர். வர்த்தகக் கப்பலில் வேலை செய்தவர். தட்டிலே கேட்ட சங்கீதத்தை அதன் பிறப்பிடத்திலேயே கேட்டாலன்றி அமைதி கொள்ளமாட்டாதவராய், 1952இல் கப்பல் வேலையையே வழியாகக் கொண்டு அமெரிக்கா சென்று, நியூ ஓர்லியன்ஸ் நகரை அடைந்தார். அங்கே வயதில் மூத்த கறுப்பின வித்துவான்களோடு அமர்ந்து ஊதினார். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதற்காகச் சிறையும் சென்று, 1953இல் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். குருவைத் தேடிக் கடல் கடந்து போய்ச் சிறையிலிருந்து திரும்பிய அந்தச் சீடரை லண்டன் நண்பர்கள் புதிய குழுவோடு வரவேற்றனர்.

தேடிப் போவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. பங்க் ஜோன்சன் என்னும் பழைய ட்ரம்பெட் வித்துவான், முன்பற்களை இழந்து, வாத்தியமும் இன்றி, லூசியானாவில் கூலி வேலை செய்து வந்தார். ரசிகர் சிலர் அவரைக் கண்டுபிடித்து, பணம் சேர்த்து, புதிய பல்வரிசையும் புதிய ட்ரம்பெட்டும் வாங்கிக் கொடுத்தனர். 1942இல் அவர் மீண்டும் ஊதினார், இசைத்தட்டுகளும் வெளிவந்தன. விரும்பிக் கேட்பவர் சிலர் இல்லையேல், அந்த வித்துவானின் ஓசை உலகுக்குக் கிடைத்திராது.

'அமெச்சூர்' என்ற சொல்லை நாம் இன்று இளக்காரமாகவே வழங்குகின்றோம். 'வெறும் அமெச்சூர் வேலை' என்றால் அரைகுறை என்பது பொருள். அச்சொல்லின் வேரோ 'நேசிப்பவன்' என்பது. நாடகத்துறையில் நம்மவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். வழக்கறிஞரான பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை இத்தகையதே. நமது பேராதனையிலும், பேராசிரியர் வித்தியானந்தனின் முயற்சியால் பல்கலைக்கழக மாணவர் 1960களில் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பயின்று 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினர். அவர்களும் பட்டம் பெறப் படித்தவர்களே. கூத்தால் பிழைக்க வந்தவர்கள் அல்லர். பழைய மரபொன்று படித்தவரின் மதிப்பைப் பெற அது துணை நின்றது.

இங்கிலாந்து அமெச்சூர்கள் அனைவரும் மேதைகள் என்று நாம் கூற வரவில்லை. பலருடைய ஊதலில் சுருதி தவறியது. 'இதுதான் உண்மையான பாணி, அது போலி' என்று தங்களுக்குள் ஓயாது சண்டையும் இட்டனர். 1960களின் தொடக்கத்தில் அவர்களுடைய சங்கீதம் நாடெங்கும் மோகமாகப் பரவியது. சிறிது காலத்திலே பீட்டில்ஸ் அலை எழுந்து அம்மோகத்தை அடித்துச் சென்றது. பீட்டில்ஸ் குழுவினர் பெயர் பெற்ற லிவர்பூல் 'கவேர்ன்' மண்டபமே 1957இல் ஜாஸ் மண்டபமாகத் திறக்கப்பட்டதுதான். திறப்பு நாளில் வாசித்தவர்களுள் மேர்சிசிப்பி குழுவினரும் இருந்தனர். தம் ஊர் ஆறான மேர்சியையும் அமெரிக்க மிசிசிப்பியையும் இணைத்துப் பெயர் வைத்துக்கொண்ட அவர்கள், பகலில் தத்தம் தொழில் பார்த்தவர்கள். மோகம் வடிந்த பின்னும் பல பத்தாண்டுகள் அக்குழு வாசித்து வந்தது. சங்கீதத்தால் பிழைக்காதவருக்கு, சந்தை சரிந்தது என்பதற்காக அதனைக் கைவிட வேண்டிய தேவை இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இல்லாதது திறமையன்று. பதினெட்டு வயதுக்குப் பிறகு ஊதுவதற்கு ஓர் இடமும், ஊதினால் நகையாத சுற்றமுமே இல்லை. பல பள்ளிகளில் குழல் பள்ளிக்குச் சொந்தம்; விலகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் மனம் வைத்தால், வாரத்தில் ஒரு மாலை மண்டபத்தைத் திறந்துவிட்டு, சும்மா கிடக்கும் வாத்தியங்களை இரவல் கொடுக்கலாகாதா? ஆண்டுக்கொரு முறை கிரிக்கெட் பந்தலில் மட்டும் கேட்கும் ஓசை, வாரந்தோறும் கேட்குமே!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை நெருங்கும்போது குழலை ஒதுக்கி வைக்கச் சொல்வது உங்கள் உரிமை. அதில் நாம் குறுக்கிட மாட்டோம். பரீட்சை முடிந்ததும் அதை மீண்டும் எடுத்துக் கொடுப்பதும் உங்கள் கடமை அல்லவா? உத்தியோகம் கிடைத்த பிள்ளை மாலையில் ஒரு மணி நேரம் ஊதினால் உத்தியோகம் குறைந்துவிடாது. அயலவர் முணுமுணுத்தால், ட்ரம்பெட்டின் வாயில் செருகும் ஒலியடக்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

'ஊதுகிற சங்கை ஊதினால் விடிகிறபோது விடியும்' என்பது நம் பழமொழி. பயன் கிட்டுமோ என்று எண்ணாது செய்வதைச் செய் என்பது அதன் கருத்து. வேலை முடிந்து வீடு திரும்பிய மனிதன், எவரும் கூலி கொடாத ஒரு மெட்டை, நேற்றைவிட இன்று சற்றே பிழையின்றி ஊதி முடிக்கின்றான். 'இனி எதற்கு?' என்று கேட்பவருக்கு நாம் காட்டக்கூடிய பயன் அதுவே. அது போதும் என்பதே எமது அபிப்பிராயம்.